முன் வண்டியை எழுப்பாத நாள்

அரியலூரில் சிமெண்டு ஆலைக்கு வெளியே லாரி நிற்கும் யார்டு ஒன்று உண்டு. காலையில் போய் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். மைக்கில் நம்பர் கூப்பிடுவார்கள். மூன்று தடவைதான். மூன்றாவதற்கும் வண்டி நகரவில்லை என்றால் டோக்கன் செத்துவிடும். திரும்பப் போய்ப் புது டோக்கன் வாங்கி வரிசையின் வாலில் நிற்க வேண்டும். அன்றைக்கு லோடு கிடையாது.

காத்திருப்பது நாலு மணி நேரமும் ஆகும், ஒரு நாளும் ஆகும். டிரைவர்கள் தூங்கிப்போவார்கள். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவனை எழுப்ப வேண்டும். சண்டைக்காரனாக இருந்தாலும் எழுப்ப வேண்டும். பாஷை தெரியாத வெளிமாநிலத்துக்காரனாக இருந்தால் கதவைத் தட்ட வேண்டும். யாரும் எழுதி வைத்தது இல்லை. இருபது வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன். எழுப்பாமல் விட்டவனை நான் பார்த்ததில்லை.

ஒரு தடவை நான் எழுப்பாமல் விட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் குரும்பலூர். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் காட்டில் வேலை பார்த்தவர்கள். நான் லாரியில் ஏறினேன். நான் எழுப்பாமல் விட்டேனே, அவனும் அப்படித்தான். அவனுக்கு அரியலூர்ப் பக்கம் ஊர். முதலாளி வேறு, வண்டி வேறு. ஆனால் யார்டுக்கு வந்தால் சேர்ந்துதான் டோக்கன் போடுவோம். அவன் முன்னால், நான் பின்னால். சொந்தம் ஒன்றும் கிடையாது. மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வோம். அவன் நிறைய பேசுவான். நான் கேட்பேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

எங்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய லாரி வாங்குவது. ஆளுக்குப் பாதி. ஒருவன் ஓட்டினால் ஒருவன் தூங்கலாம். முன் கண்ணாடிக்கு மேலே இடது பக்கம் அவன் மகள் பெயர், வலது பக்கம் என் மகள் பெயர். எந்தப் பெயர் எந்தப் பக்கம் என்பதுவரை பேசி முடித்திருந்தோம். லாரிதான் பாக்கி.

யார்டில் முன்பெல்லாம் தார்ப்பாயை விரித்து ரம்மி ஆடுவார்கள். அப்புறம் போன் வந்தது. தார்ப்பாயில் உட்காருவது நின்றது. அவனவன் கேபினில் அவனவன் ஆடினான். நாமக்கல்லில் இருந்து வரும் டிரைவர் ஒருவர்தான் எனக்குப் போக்கர் ஆப்பைக் காட்டினார். ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, ஒவ்வொன்றாகத் திறக்கும். திறக்கத் திறக்கப் பணம் கட்ட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். கடைசியில் யார் கை பெரிதோ பணம் அவனுக்கு. அவ்வளவுதான்.

"இது ரம்மி இல்லீங்க. ரம்மியில சீட்டு வரும் வரும்னு கையில வச்சிருக்கலாம். இதுல அப்படி வச்சிருக்கிறவன்தான் சாகிறான். தூக்கிப் போடத் தெரியோணும்" என்றார்.

எனக்குத் தூக்கிப் போடத் தெரிந்தது. பேசாமல் இருப்பதும் தூக்கிப் போடுவதும் ஒன்றுதான். பத்து ஆட்டத்தில் ஒன்பதை விட்டுவிடுவேன். ஒன்றில் இறங்குவேன். காசு வந்தது.

கொஞ்சம் திமிரும் வந்தது. பெரிய பணம் கட்டி ஆடும் பெரிய டேபிளுக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் வேறு மாதிரி. நான் இறங்கினால் எல்லோரும் ஒதுங்கினார்கள். நான் ஒதுங்கும் நேரம் பார்த்து அடித்தார்கள். நான் மனதில் நினைப்பதை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற மாதிரி இருந்தது. ஒரு வாரம் ஆடினேன். ஒரு மாதம் சேர்த்தது போனது. ஆனால் அந்த வாரம் ஆட்டம் கற்றுக்கொண்டேன். தோற்ற ஆட்டம் ஒவ்வொன்றையும் வண்டி ஓட்டும்போது நினைத்துப் பார்ப்பேன். எந்த இடத்தில் பிசகியது என்று தெரிந்தது.

நாமக்கல்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"பயில்வான்கூட மல்லுக்கு நின்னு நீங்க என்னத்த பண்ணப் போறீங்க? சொத்தையா ஆடுறவன் எந்த டேபிள்ல இருக்கான்னு பாருங்க. அங்க போயி உக்காருங்க. சும்மா வீராப்பு எல்லாம் வூட்டுல வச்சிக்கோணும்."

ஒரு வித்தையும் காட்டினார். ஆடுகிறவன் படத்தைத் தொட்டால் ஒரு கலர் புள்ளி வைக்கலாம். நமக்கு மட்டும் தெரியும். மோசமாக ஆடுகிறவனுக்கு ஒரு பச்சைப் புள்ளி. அடுத்த நாள் ஆப்பைத் திறந்ததும் பச்சைப் புள்ளி எந்த டேபிளில் இருக்கிறது என்று தேடிப் போகலாம்.

சின்ன டேபிளுக்குத் திரும்பினேன். நாலைந்து பேருக்குப் புள்ளி வைத்தேன். அதில் ஒருவன் காளைமாட்டுத் தலையைப் படமாக வைத்திருந்தான். அவன் எதையும் தூக்கிப் போடமாட்டான். அடுத்தடுத்த நம்பர் இரண்டு வந்தால் போதும், கடைசிச் சீட்டுவரை கட்டுவான். ஒரே ஜாதிச் சீட்டு இரண்டு வந்தாலும் அப்படித்தான். ரம்மி ஆடி வளர்ந்த கை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவனிடம் இருந்து எடுப்பது மரத்தில் இருந்து புளியம்பழம் உலுக்குகிற மாதிரி இருந்தது. அவன் உட்காரும் இடத்தில் எல்லாம் போய் உட்கார்ந்தேன். இரண்டு மாதம் போல.

ஒரு நாள் யார்டில் ஆடிக்கொண்டிருந்தேன். மைக்கில் ஒரு நம்பர் கூப்பிட்டார்கள். காளை படம் மங்கியது. ஆள் எழுந்து போய்விட்டான் என்று அர்த்தம். எனக்கு முன்னால் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆனது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாலு நாள் கழித்து இன்னொரு தடவை அப்படி ஆனது. அன்றைக்குத் தோன்றியது.

அதற்கடுத்த தடவை வேண்டுமென்றே கவனித்தேன். அவன் வண்டியின் பக்கக் கண்ணாடியில் அவன் முகம் பாதி தெரியும். நான் நல்ல சீட்டு வைத்துக்கொண்டு பெரிதாகக் கட்டினேன். கண்ணாடியில் அவன் தலையைச் சொறிந்தான். என் போனில் காளை யோசித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் அவன் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினான். என் போனில் காளை பணத்தைக் கட்டியது.

நான் ஆப்பை மூடிவிட்டுக் கீழே இறங்கினேன். யார்டு ஓரத்தில் கருவேலஞ்செடி எல்லாம் சிமெண்டு படிந்து வெள்ளையாக நிற்கும். அங்கே போய் நின்றேன். 

அன்றைக்கே பச்சைப் புள்ளியை எடுத்தேன். பெரிய டேபிளுக்கே போய்விட்டேன். மூன்று நாள் அங்கே ஆடினேன். முன்பைவிட நன்றாகத்தான் ஆடினேன். ஆனாலும் தோற்றேன். இன்னும் ஒரு மாதம் தாக்குப்பிடித்திருந்தால் அங்கேயே நின்றிருப்பேனோ என்னவோ. நான் நிற்கவில்லை. நாலாவது நாள் காளை இருக்கும் டேபிளைத் தேடினேன். புள்ளி தேவைப்படவில்லை.

பெரிய டேபிளில் விட்டதை அவனிடம் எடுத்தேன். விட்டது திரும்பியதும் நிறுத்திவிடலாம் என்று சொல்லிக்கொண்டேன். விட்டது திரும்பியது. நான் நிறுத்தவில்லை.

யார்டு வாசலில் ஒரு டீக்கடை. அதை நடத்தும் அக்காவுக்கு எங்களோடு நல்ல பழக்கம். ஒரு நாள் டீ குடிக்கும்போது அவனே பேச்சை எடுத்தான்.

"மச்சான், நான் ஆடுற ஆட்டத்துல ஒருத்தன் இருக்கான். கருப்புக் கண்ணாடி போட்ட படம். நான் எங்க உக்காந்தாலும் வந்து உக்காந்துடுறான். ஈ மாதிரி."

கருப்புக் கண்ணாடி என் படம். நான் வைத்தது இல்லை. ஒன்றும் வைக்காதவனுக்கு ஆப்பே கொடுக்கும் படம் அது.

"எந்த ஊர்க்காரனாம்?" என்று கேட்டேன்.

"எந்த ஊரோ. பம்பாய்க்காரனா இருப்பான். பேச்சே கெடயாது. சீட்டப் போட்டுட்டுப் போட்டுட்டு குந்தியிருப்பான். ஒரே ஒரு தடவ எறங்குவான். வழிச்சிட்டுப் போயிடுவான்."

"வேற டேபிளுக்குப் போவேண்டியதுதான?"

அவனிடம் நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மையான வார்த்தை. அவன் டீ கிளாசைப் பெஞ்சில் வைத்தான்.

"ஓடச் சொல்றியா? அவன்கிட்ட ஜெயிச்சாத்தான் மச்சான் ஆட்டம். ஆடத் தெரியாதவன்கிட்ட ஜெயிச்சி என்னா பண்றது? ஒரு நாள் இல்ல ஒரு நாள் அவன் கண்ணாடியக் கழட்டி வுடுறேன் பாரு."

டீக்கடை அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார். "அந்தப் பம்பாய்க்காரன இங்க வரச் சொல்லுங்கடா. நான் ஒரு டீ போட்டுத் தரேன். ஒங்கள மாதிரி ஒரு டீய ஒரு மணி நேரம் வச்சிக்கிட்டு நிக்கமாட்டான்."

அவன் சிரித்தான். நான் டீயைக் குடித்து முடித்துக் கிளாசைக் கொடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஒரு பகல். வெயில் நேரம். அவன் முன்னால், நான் பின்னால். டோக்கன் அவனுடையது முடிந்தால் என்னுடையது. சென்னை லோடு. அவன் முதலாளி இரண்டு நாளாகப் போன் போட்டுக்கொண்டே இருந்த லோடு.

அவன் காதில் இயர்போன் மாட்டியிருந்தான். மைக் கேட்காது. பின்னால் நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில்தான் மாட்டியிருந்தான். யார்டில் எவனும் தனியாக இருந்தால் காதில் மாட்டமாட்டான்.

எனக்கு இரண்டு கிங் வந்தது. நடுவில் முதல் மூன்று சீட்டு திறந்தது. ஒரு கிங், இரண்டு நாலு. மூன்று கிங்கும் இரண்டு நாலும் சேர்ந்தால் அதற்கு மேல் ஒருவனுக்கு வருவது அபூர்வம். நடுவில் இருந்த கிங்கும் ஒரு நாலும் ஆட்டின், இதயம் போட்ட ஜாதி. சிவப்பு. காளை கட்டியது. மற்றவர்கள் ஒதுங்கினார்கள். அவன் கையில் இரண்டு ஆட்டின் இருக்கிறது, ஒரே ஜாதியில் ஐந்து சேர இன்னும் ஒன்றுக்குக் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. கையை விரித்துக் காட்டின மாதிரி தெரிந்தது.

மைக்கில் அவன் நம்பர் கூப்பிட்டார்கள்.

எழுப்ப வேண்டியவன் நான். ஒரு ஹாரன் போதும். இடது கை ஹாரன் மேல்தான் இருந்தது. நாலாவது சீட்டு திறந்தது. ஒன்றுக்கும் உதவாத சீட்டு. நான் பெரிதாகக் கட்டினேன். கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். கட்டினான்.

இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள்.

இந்த ஒரு ஆட்டம் முடிந்ததும் அடிக்கிறேன் என்று நினைத்தேன். அரை நிமிஷம்தான். ஐந்தாவது சீட்டு திறந்தது. ஆட்டின்.

"வந்துடுச்சிடா! வந்துடுச்சி!" என்று அவன் கத்தினது என் கேபின்வரை கேட்டது. காதில் மாட்டியிருந்ததால் சத்தமாகக் கத்தினான். இருந்தது எல்லாவற்றையும் தள்ளினான். ஐந்து ஆட்டினும் என் கைக்குக் கீழேதான்; நானும் தள்ளினேன். சீட்டு திறந்தது.

மூன்றாவது தடவை கூப்பிட்டது அப்போதுதான்.

நான் ஹாரன் அடித்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் போன திகைப்பில் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மைக்கில் என் நம்பர் வந்தது. அவன் வண்டியைச் சுற்றிக்கொண்டு நான் போக வேண்டியிருந்தது. பக்கத்தில் போகும்போதுதான் அவனுக்கு விளங்கியது. இயர்போனைப் பிடுங்கிப் போட்டான். கீழே குதித்து கேட்டுக்கு ஓடினான். கேட்டில் கெஞ்சினான். கேட்டுக்காரர் கையை விரித்தார்.

நான் எடை மேடையில் நிற்கும்போது வந்தான். மூச்சு வாங்கியது.

"ஏன் மச்சான், ஒரு சத்தம் குடுக்கக்கூடாதா?"

"கண்ணசந்துட்டேன்டா."

"ரெண்டு பேருமே அசந்துட்டோமா? போ. வுடு. நீயாச்சும் போ. நாலு நாளாத் தூக்கம் இல்லாம ஓட்டுற, தூங்காம என்னா பண்ணுவ." என் வண்டிக் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

அவன் முதலாளி அவனை வெளியூர் ஓடும் லைன் வண்டியில் இருந்து இறக்கிவிட்டார். சுண்ணாம்புக்கல் குவாரியில் டிப்பர் ஓட்டப் போட்டார். பள்ளத்தில் இறங்கி ஏறுவது. நாள் முழுக்கத் தூசி. சம்பளமும் குறைவு.

நான் அந்த ஆப்பைப் போனில் இருந்து எடுத்துவிட்டேன். நல்லவனாகி எடுக்கவில்லை. டேபிளில் காளை இல்லை. அவன் இல்லாத சின்ன டேபிளில் எனக்கு ஜெயிக்கத் தெரியவில்லை. இல்லை, ஜெயித்தேன், உட்கார முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து வாலிகண்டபுரத்தில் ஒரு லாரி விலைக்கு வந்தது. ஓட்டினவர் வயதாகிவிட்டது என்று கொடுக்கிறார். எஞ்சின் சுத்தம். நான் போன் செய்தேன். அவன் லீவு போட்டுவிட்டு வந்தான். இருமிக்கொண்டே வந்தான். பைக்கில் இரண்டு பேரும் போனோம். வழி முழுக்க மக்காச்சோளம் முற்றி நின்றது. அவன் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வண்டியைச் சுற்றிப் பார்த்தோம். டயரைத் தட்டிப் பார்த்தான். அடியில் குனிந்து ஸ்பிரிங் பட்டையைப் பார்த்தான். நல்ல வண்டி என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"மச்சான், நீ வேற ஆள சேத்துக்க."

"ஏன்டா?"

"என்கிட்ட இல்ல."

"எங்க போச்சி?" தெரிந்துகொண்டே கேட்டேன்.

"போச்சி. வுடேன். வூட்டுக்காரிக்கே இன்னும் சொல்லல."

"ஒன் பங்கையும் நானே போடுறேன். நீ ஓட்டிக் கழிச்சிக்க."

அவன் டயரில் ஒட்டியிருந்த மண்ணைக் கையால் தட்டிவிட்டான்.

"ஒங்காசுல நான் பங்காளியா? வேணாம். கூலிக்கு ஓட்ட எனக்கு ஏற்கெனவே ஒரு மொதலாளி இருக்கான். நீ மச்சானாவே இரு."

அது என் காசு இல்லை என்று வாய்வரை வந்தது. இரண்டு வார்த்தைதான். கருப்புக் கண்ணாடி நான்தான் என்று சொன்னால் போதும். அடிப்பான். அடித்துவிட்டுத் தன் பங்கை எடுத்துக்கொள்வான். லாரியில் பாதி அவனுடையது ஆகியிருக்கும். நான் அடிக்குப் பயப்படவில்லை. எடை மேடையில் அவன் என் கதவை இரண்டு தட்டுத் தட்டினானே, அதைச் சொல்லிக் காட்டுவான் என்று பயந்தேன். வண்டிக்காரர் முன்பக்கம் இருந்து கூப்பிட்டார், எஞ்சினைப் போட்டுக் காட்டுகிறேன் என்று. போனோம். எஞ்சின் ஒரே சத்தமாக ஓடியது. அவன் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "வாங்கிடு மச்சான், தயங்காத" என்றான்.

வாங்கிவிட்டேன்.

பெரம்பலூரில் பெயிண்டரிடம் விட்டேன். வலது பக்கம் என் மகள் பெயரை எழுதினார். இடது பக்கம் என்ன எழுத என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். பார்க்க நன்றாக இருக்காது என்றார். இருக்கட்டும் என்றேன்.

இப்போது அந்த ஆட்டம் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். போனில் வருவதில்லை. யார்டில் சில பேர் மறுபடியும் தார்ப்பாய் விரிக்கிறார்கள். பெரிய டேபிளில் தோற்றது எல்லாம் நினைவு வந்தால் எனக்குச் சிரிப்பு வரும். அங்கே என்னை ஜெயித்தவர்கள் என்னைத் தெரிந்து ஜெயிக்கவில்லை. சின்ன டேபிளில் ஜெயித்தது நினைவு வந்தால் வண்டியை ஓரம் கட்டத் தோன்றும்.

அவன் ஒரு வருடம் குவாரியில் கிடந்தான். அப்புறம் வேறு முதலாளியிடம் லைன் வண்டி கிடைத்தது. யார்டுக்கு மறுபடியும் வருகிறான். இருமல் மட்டும் போகவில்லை. முதல் நாள் என் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"இந்தப் பக்கம் ஏன் மச்சான் மொட்டையா கெடக்குது?"

"பெயிண்ட் தீந்துபோச்சின்னான்."

"நல்ல பெயிண்டரப் புடிச்ச போ" என்றான்.

சேர்ந்துதான் டோக்கன் போடுகிறோம். இப்போது நான் முன்னால் நிற்கிறேன், அவன் பின்னால். நான்தான் அப்படி மாற்றினேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

மைக்கில் என் நம்பர் வரும். நான் தூங்கியிருக்கமாட்டேன். அன்றைக்கு அப்புறம் யார்டில் நான் தூங்கினதே இல்லை. சாவியைத் திருகலாம். திருகமாட்டேன். பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். பின்வண்டியின் கதவு திறக்கும். அவன் இறங்கி, இருமிக்கொண்டே நடந்து வருவான். என் கதவை இரண்டு தட்டுத் தட்டுவான்.

"மச்சான், ஒன் நம்பரு. எந்திரி."

அவன் ஒரு தடவைகூட இரண்டாவது தடவை கூப்பிடும்வரை விட்டதில்லை.